ஒரு மணி நேர ஷட்டர்

கல்யாணத்தன்று கூடத்துச் சுவரில் மாட்டும் கேமரா நாற்பது வருஷம் கழித்துத்தான் படத்தைக் காட்டும். தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு படம். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று அது கேட்டபோது, நவநீதன் மாப்பிள்ளை முறுக்கில், இருப்பதிலேயே பெரிதாக ஒரு மணி நேரத்தை அமுக்கிவிட்டார்.

இன்று விடியற்காலையில் படம் ஓடியது. சோபாவில் நவநீதன் கோயில் சிலையாட்டம் பளிச்சென்று இருந்தார். தொப்பை மட்டும் மலைபோல் வளர்ந்து ஜன்னலை மறைத்தது. அவர் மனைவி மிருதுளாவைத்தான் காணோம். அசைகிறவர்கள் இவ்வளவு நேரம் திறந்திருக்கும் ஷட்டரில் புகையாகிவிடுவார்களாம். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே பதினாலாயிரம் நாளாக ஒரு புகை அலைந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, நான் இந்த வீட்ல இருந்தனா இல்லியா?"

அவர் வேர்த்து விறுவிறுத்துத் தேடியதில் மூன்றே படம் சிக்கியது. அவருக்கு முதுகைக் காட்டி, கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் இருபத்தாறு வயது மிருதுளா. மூக்குத்திக் கல்லைக்கூட எண்ணலாம்.

"எங்கம்மா ரசத்தைக் கழனித்தண்ணின்னீங்களே, அந்த மூணு நாளு," என்று சிரித்தாள். "இன்னுங் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாமுங்க."

அடுத்த படத்துக்கு ஷட்டர் நேரம் கேட்டது கேமரா. அதே ஒரு மணி நேரத்தை அமுக்கினார். அவளைச் சோபாவில் உட்காரவைத்துவிட்டுக் காபி போடப் போனார்.

"மிருது, சர்க்கரை எங்க இருக்குது?"

"நான் அசையமாட்டனுங்க. நீங்களே தேடுங்க."