ஒரு வாய்ச் சோறு

கட்டைவிரல் கன்னத்துக்குள் நுழைந்து பல்லைப் பிளந்தது.

பருப்புச் சோறு. நெய் விட்டுக் குழையப் பிசைந்தது. வாசனையாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

பின்னாலிருந்து அண்ணன் இசக்கிராஜா அவளுடைய இரண்டு கைகளையும் முறுக்கிப் பிடித்திருந்தான். முன்னால் அம்மா, மடியில் சட்டியோடு.

"ஏட்டி, முழுங்கு."

அவள் கடித்தாள்.

எலும்பு தட்டுப்படும்வரை கடித்தாள். அம்மாவின் ரத்தமும் நெய்யும் சேர்ந்து நாக்கில் கரித்தது. அம்மா இடக்கையால் ஓங்கி அறைந்தாள். காது கொய்யென்றது. இன்னோர் அறை. சட்டி உருண்டது. தரையில் சிதறியதை வழித்தெடுத்து அம்மா மறுபடியும் வாயில் திணித்தாள்.

பாதி உள்ளே போய்விட்டது.

இனி வலி வரும். அவள் கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

வந்தது. விலா எலும்புகள் கூடும் இடத்துக்குக் கீழே யாரோ முழங்காலை ஊன்றி ஏறியதுபோல் இருந்தது. அவள் இரண்டாக மடிந்தாள். அண்ணன் பிடியை விடாததால் தோள்பட்டை மளுக்கென்றது. வாந்தி அம்மாவின் சேலையில் விழுந்தது.

நடிப்பு என்றான் அண்ணன்.

நடிப்புதான் என்று வீடு எப்போதோ முடிவு கட்டிவிட்டது. சித்திரையில் அவள் ஜெபசிங்கைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். நடக்காது என்றார்கள். ஆனியில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேறெப்படிக் கூட்டிப் பார்ப்பார்கள்?

அந்த வீட்டில் யாருக்குக் கோபம் வந்தாலும் முதல் அடி சோற்றுக்குத்தான். அப்பா தட்டை வீசுவார். அம்மாவுக்குத் திடீரென்று விரதம் வந்துவிடும். அண்ணன் பட்டினி கிடந்துதான் பைக்கே வாங்கினான். தங்கைக்கு மட்டும் வேறு ரத்தமா ஓடும்?

ஓடவில்லை என்பதுதான் விஷயம்.

மதுரை டாக்டர் படம் போட்டுக் காட்டியிருந்தார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு நார்ப்பட்டை. வயிற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை அது அமுக்கிக்கொண்டிருக்கிறது. சாப்பிட்டதும் வயிறு அதிகமாக ரத்தம் கேட்கும். கேட்டது கிடைக்காது. அந்தப் பட்டையை அறுத்துவிட வேண்டும். இப்படியே விட்டால் உடம்பு தாங்காது. லட்சத்தில் ஒருத்தருக்குக்கூட வராத நோய்.

"லச்சத்துல ஒருத்தி எம்மவதானாக்கும்?"

டாக்டர் வேதக்காரர், கிறிஸ்தவர். ஜெபசிங்கும் வேதக்காரன். இரண்டு பேரும் கூட்டு என்று அம்மாவின் கணக்கு அங்கேயே முடிந்துபோனது.

அப்பா மட்டும் அரைமனதாக நம்பினார். திங்கட்கிழமை ஆபரேஷன் என்று நாள் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நடிப்புக்காகப் பெண்ணின் வயிற்றைக் கிழிப்பதா? அதற்குள் தின்ன வைத்துக் காட்டுகிறேன் என்று அம்மா சட்டியை எடுத்தாள். பாசம்தான். அதை யார் இல்லையென்றார்கள்?

அப்பா உள்ளே வந்தார். பார்த்தார். இசக்கிராஜாவை எட்டி உதைத்தார். அவன் பீரோவில் போய் மோதினான்.

பிறகு சோற்றுக்கும் வாந்திக்கும் நடுவே வேட்டியோடு உட்கார்ந்துவிட்டார்.

"உள்ளதச் சொல்லு தாயி. அந்தப் பயலுக்காகத்தான் பட்டினி கெடக்கியா? ஆமான்னு சொல்லு. அவனுக்கே கெட்டி வைக்கேன்."

அவள் ஆசைப்பட்ட சொல்.

ஆமாம் என்றால் ஜெபசிங் கிடைப்பான். ஆபரேஷன் கிடைக்காது.

அவனை வேண்டாமென்றால் பட்டினி கிடக்க ஒரு காரணமும் மிஞ்சாது. அப்போதாவது வலியை வலி என்று நம்புவார்கள். உயிர் இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உயிர் வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"எனக்கு அவன் வேண்டாம்ப்பா."

அம்மா நம்பவில்லை. ஓடிப்போய்ச் சூடத்தை எடுத்து வந்து, அணைத்துச் சத்தியம் பண்ணு என்று தரையில் கொளுத்தினாள்.

அவள் தீயைப் பார்த்தாள். உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். கையை உடனே எடுக்கவில்லை. தோல் கருகும் நாற்றம் வந்த பிறகுதான் எடுத்தாள். மனதுக்குள் ஜெபசிங்கின் பெயரைச் சொன்னாள், அதோடு அவனை விட்டாள்.

வீடு மூச்சு விட்டது.

அம்மா பெருங்குரலெடுத்து அழுதாள். மகளின் முகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அறைந்த கன்னத்தில் மாறி மாறி முத்தமிட்டாள். அண்ணன் தலைகுனிந்து தரையைத் துடைத்தான். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

அம்மா புதுச்சோறு பிசைந்து வந்தாள். கடிபட்ட விரலில் துணி சுற்றியிருந்தது.

இப்போது யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை. உருண்டை மெதுவாக உதட்டருகே வந்தது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த முகத்தைப் பார்த்து எத்தனை காலமாகிறது.

அவள் தானாகவே வாயைத் திறந்துவிட்டாள்.

முற்றத்தில் அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வரவில்லை டாக்டர். பெண் பிடிவாதத்தை விட்டுவிட்டாள். சாப்பிடுகிறாள்.

அவள் பதறி எழப் பார்த்தாள். வாய் நிறையச் சோறு. சத்தம் தொண்டையிலேயே நின்றது.

அம்மா அவள் தோளை மெல்ல அழுத்தி உட்கார வைத்தாள்.

"சாப்பிடும்போது பேசப்படாது. முழுங்கிட்டுச் சொல்லு."

சொல்வதற்காக அவள் அவசர அவசரமாக விழுங்கினாள்.

அதற்குள் அடுத்த வாய் வந்துவிட்டது.