பனியா, தூறலா?

“நேத்து ராத்திரி விழுந்தது பனிடா, அங்கமுத்து. என்ன சொல்றே?”

“ஆமாங்கய்யா, பனிதாங்க.”

அங்கமுத்துவின் தோளில் கிடந்த போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

செந்துறைக்குப் பக்கத்து ஊர். யுத்தம் முடிந்துவிட்டது, ரேஷன் முடியவில்லை. மார்கழி பிறந்தால் பண்ணையார் உத்திராபதி வாரம் ஒரு நாள் சாவடிக்கு வந்து, வானத்தை அண்ணாந்து பார்த்து, அந்த வாரத்துப் பலனைச் சொல்வார்.

பஞ்சு மேகமா? மழை இல்லை, விடியுமுன் களத்துக்கு வந்துவிடு. மீன் செதில் மாதிரி மேகமா? மழை வரலாம், இருட்டினாலும் வேலையை முடித்துவிட்டுப் போ. கீற்றுக் கீற்றாக மேகமா? நல்ல வெயில், மதியத்தில் உட்காராதே. வானத்தில் எது மிதந்தாலும் அவருக்கு லாபமாகவே மிதந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே கர்ப்போட்டம். மார்கழியில் கருமேகம் சொட்டாமல் கடந்து போனால் வானம் கர்ப்பம் தரித்திருக்கிறது, வருகிற வருஷம் நல்ல மழை. தூறல் விழுந்தால் கர்ப்பம் கலைந்தது, வருகிற வருஷம் வறட்சி. அதை வைத்துத்தான் அடுத்த குத்தகையைப் பேசுவது அந்த ஊர் வழக்கம்.

“ஒரு சொட்டு விழல. கர்ப்பம் கல்லு மாதிரி நிக்குது. வர்ற வருஷம் கொட்டப் போவுது. அதனால குத்தகை ஒண்ணரைப் பங்கு. முடியாதவன் நெலத்தை விட்டுடலாம். சரிதானே, அங்கமுத்து?”

“ஆமாங்கய்யா.”

பழைய குத்தகையை அளந்துவிட்டே அவன் வீட்டில் ஒருவேளைதான் உலை ஏறியது. ஒண்ணரைப் பங்கென்றால் நிலம் போயிற்று. அவனும் பெண்டாட்டி கலியம்மாளும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சாவடி கலைந்ததும் விவசாய சங்கத்து ராசாங்கம் அவனைப் பிடித்துக்கொண்டான். ஊர் ஊராகப் போய் நோட்டீஸ் கொடுப்பவன். இந்த ஊரில் அந்த நோட்டீஸ் சுண்டல் மடிக்கப் பயன்பட்டது.

“ஏன் மாமா, போர்வையைப் புழிஞ்சா ஒரு குடம் தண்ணி வரும். பனியா அது?”

“அய்யா பனின்னாரே, மாப்ளே.”

“உனக்கெல்லாம் நாக்கு எதுக்கு?”

“கஞ்சி குடிக்கத்தான்.”

“நெலம் போனப்புறம் கஞ்சி எங்கேருந்து வரும்? உன்னை மாதிரி ஆளுங்க இருக்கற வரைக்கும் இந்த நாடு உருப்படாது.”

“ஆமா மாப்ளே,” என்றான் அங்கமுத்து.

ராசாங்கம் காறித் துப்பிவிட்டுப் போனான்.

மதியம், அரியலூரிலிருந்து தானியக் கொள்முதல் அதிகாரி வந்து இறங்கினார். பண்ணை வீட்டு வாசலில் ஊரே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. இளநீர் வெட்ட அங்கமுத்துவை உள்ளே கூப்பிட்டார்கள்.

“பத்தாயத்துல இருக்கற நெல்லுல பாதியை சர்க்காருக்கு அளக்கணும்,” என்றார் அதிகாரி.

உத்திராபதி கை கூப்பினார்.

“அளந்துடலாம் சார். ஆனா நேத்து ராத்திரி தூறல் போட்டுடுச்சு. கர்ப்போட்டம் கலைஞ்சு போச்சு. வர்ற வருஷம் பஞ்சம். இந்த சனத்துக்கு நான்தான் கஞ்சி ஊத்தணும். பத்தாயத்தைக் காலி பண்ணிட்டா ஊரு என்னாவுறது?”

“எல்லா ஊர்லயும் இதையேதான் சொல்றாங்க. மார்கழியில பனி விழறதைத் தூறல்னு சொன்னா நான் நம்பணுமா?”

“நம்ம குத்தகைக்காரன்தான் இவன். இவனையே கேளுங்க, பொய் சொல்லத் தெரியாதவன். டேய், நேத்து விழுந்தது தூறல்தானே?”

“ஆமாங்கய்யா, தூறல்தாங்க.”

வாசலில் நின்ற ராசாங்கம் தலையில் அடித்துக்கொண்டான்.

அங்கமுத்து இளநீரை அதிகாரியின் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு நகராமல் நின்றான்.

“தூறல் விழுந்ததை மொதல்ல கண்டுபிடிச்சதே அய்யாதாங்க. கர்ப்பம் கலைஞ்சுடுச்சு, பாவம் சனங்க என்ன பண்ணும்னு, வர்ற வருஷக் குத்தகையைப் பாதியாக் கொறைச்சுட்டேன்னு காலையிலேயே சாவடியில சொல்லிட்டாருங்க. எங்க வயித்துல பால வாத்த மகராசன். அவருகிட்டயா சார் தானியம் கேக்கறீங்க?”

அதிகாரி இளநீரை வாயிலிருந்து எடுத்தார்.

“பாதியாவா? தன் குத்தகையையே பாதியாக் குறைச்சுக்கறவர் பொய் சொல்ல மாட்டாரே.”

வாசலில் சலசலப்பு. இத்தனை வருஷமாகப் பண்ணையாரை எதிர்த்தே பேசிப் பழகிய ராசாங்கத்துக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

“ஆமாங்க சார். அய்யா சொன்னதை நாங்க எல்லாரும் கேட்டோம்.”

“எல்லாரும் கேட்டோம்,” என்றது கூட்டம்.

அதிகாரி உத்திராபதியின் பக்கம் திரும்பினார்.

“என்னங்க பண்ணையாரே, வாஸ்தவம்தானா? வாஸ்தவம்னா இந்த வருஷம் உங்க பத்தாயத்தைத் தொடல. இல்லேன்னா இப்பவே திறந்துடுவோம்.”

உத்திராபதி அண்ணாந்து பார்த்தார். பலன் சொல்ல வானத்தில் ஒரு மேகமும் இல்லை. அங்கமுத்துவைப் பார்த்தார். அவன் அடுத்த இளநீரைச் சீவிக்கொண்டிருந்தான்.

“ஆமாங்க,” என்றார் உத்திராபதி.