புதுக் குளவிக்கு ஒரு பேர்

"குளவிக்கு என் பேரைத்தான் வைக்கணும். சிநேகிதங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிட்டேன். என் மானத்தை வாங்கிடாதே!"

சோபாவில் சாய்ந்தபடியே கணவன் சொன்னான். சாப்பாட்டு மேஜையில் மைக்ராஸ்கோப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை.

பூச்சி ஆராய்ச்சி அவள் உத்தியோகம். பயறு துளைக்கும் வண்டுகளைக் கொல்லும் குளவிகளை இனம் பிரிப்பதில் கெட்டிக்காரி. கடுகை விடச் சின்னதாக இருந்த இந்தக் குளவியின் மீசை, இறக்கை, கால் எல்லாவற்றையும் அலசிவிட்டாள். தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. புது இனமேதான்! இன்றைக்குள் பேர் வைத்துக் கட்டுரையை அனுப்பியாக வேண்டும்.

டீயோடு வந்த அவள் அம்மா பொங்கிவிட்டாள்.

"பெத்தவ நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்டி! பயறு டப்பாவுல இதைப் பார்த்ததே நான்தான். தூக்கிக் கொட்டாம உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன்ல? கரண்டு பில்லைத் தவிர வேற எதுலயும் என் பேரு அச்சாகலைம்மா. ஆசையா இருக்கு."

"டீயில சர்க்கரை கம்மி, அத்தை," என்றான் மருமகன். "குளவின்னா பேருல ஒரு கம்பீரம் வேணாமா? உங்க பேரு எடுபடாது."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மகளுக்கோ தர்மசங்கடம். இந்தப் பக்கம் பெற்றவள், அந்தப் பக்கம் கட்டியவன். யாரை விட்டுக்கொடுப்பது?

"சரி, அது அப்படி என்னதான் பண்ணும்?" மூக்கை உறிஞ்சிக்கொண்டே அம்மா கேட்டாள்.

"பயறுக்குள்ள வண்டோட புழு இருக்கும்மா. தாய்க்குளவி வெளியில இருந்தே ஊசி மாதிரி குத்தி, அது மேல முட்டை வச்சிடும். பொரிஞ்சு வர்ற குட்டிக்கு வீடு தேடுற வேலையும் இல்லை, சாப்பாடு தேடுற வேலையும் இல்லை. இருந்த இடத்துலயே அந்தப் புழுவைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சியே வளரும். வளர்ந்ததும் பயறுல ஓட்டை போட்டு வெளியே பறந்திடும்."

அம்மா மருமகனைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை பேரையே வச்சிடுடி."

"பார்த்தியா, அத்தைக்கே புரிஞ்சு போச்சு!" சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தான் அவன்.

"ஒண்ணே ஒண்ணுதான் உதைக்குது," என்றபடி காலி டம்ளரை எடுத்தாள் மாமியார். "வேற வீடு கிடைக்கிற வரைக்கும்னு பெட்டியோட என் வீட்டுக்குள்ள வந்தீங்க மாப்பிள்ளை. பேத்திக்குப் பல்லு விழுந்து முளைச்சாச்சு, நீங்க இன்னும் கிளம்பலை. குளவியாவது ஒருநாள் ஓட்டை போட்டுட்டு வெளியே போயிடுதே!"