கையை நக்கிய பசு

பலமனேர் சந்தை மைதானத்தில், மூன்று நாளுக்கு முன் க்ஷயரோகப் பரிசோதனைக்காக ஊசி போட்ட பசுவின் கழுத்தை மாட்டு டாக்டர் கிருபானந்தம் தடவிப் பார்த்தார். எலுமிச்சை அளவு வீக்கம். பசு அவர் கையை நக்கியது.

“பாத்தியா சென்னம்மா, எல்லா மாட்டுக்கும் என்னைப் பிடிக்கும். ஆனா உன் பசுவுக்கு க்ஷயம். இனிமே பாலை விக்கக் கூடாது.”

பால் விற்றுப் பிழைக்கும் சென்னம்மா, “அப்பாடா!” என்றாள்.

“என்ன அப்பாடா?”

“கோச்சிக்காதீங்கய்யா. ஊசி போட்டா பால் வத்திடும்னாங்க. அதான் என் மாட்டை வூட்ல கட்டிட்டு, நான் மேய்க்கிற வேற மாட்டை ஓட்டிக்கினு வந்தேன்.”

டாக்டர் கொதித்தார். “இந்த மாட்டுக்குச் சொந்தக்காரன் யாரு? தன் மாட்டைத் தானே பரிசோதனைக்கு அனுப்பாத மடையன்!”

சென்னம்மா தலையைச் சொறிந்தாள்.

“உங்க வூட்டம்மா போன மாசம் வாங்கின பசுதாங்கய்யா. தெனம் விடியறதுக்கு முன்னாடி போயி, இருட்டினப்புறம்தானே வூட்டுக்கு வர்றீங்க? அதுக்கு உங்களைத் தெரியுது, உங்களுக்குத்தான் அதைத் தெரியல.”

டாக்டர் காலையில் குடித்த காப்பியை நினைத்துக்கொண்டார்.

“நாளைலருந்து காப்பிக்கு நான் பால் கொண்டாரட்டுங்களா?”

“மொதல்ல உன் மாட்டை ஓட்டிக்கினு வா” என்றார் டாக்டர், ஊசியைத் துடைத்தபடி.