படுத்திருக்கும் புத்தரின் சிரிப்பு

"ரெண்டாயிரம் வருஷமா படுத்திருக்கிற புத்தரை வாய்விட்டுச் சிரிக்க வெச்ச ஒரே ஆள் நான்தான்" என்றார், குகைக்கோயிலில் வழிகாட்டியாக இருந்து ஓய்வு பெற்ற வேதாசலம்.

சம்பந்தி கோதண்டம் விடவில்லை. "எங்கே, இப்பச் சிரிக்க வைங்க பாப்போம். முடியலைன்னா பேரன் காதுகுத்துல நீங்க வாயே திறக்கக் கூடாது."

உயிரைக் கேட்டிருந்தால்கூட வேதாசலம் யோசிக்காமல் கொடுத்திருப்பார்; பேச்சை அல்ல.

இருவரும் போய் நின்ற குகைக்குள், மலையோடு மலையாகச் செதுக்கிய புத்தர் வலக்கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். வாசலோரச் சுனைமேல் வெயில் விழுந்திருந்தது. வேதாசலம் புத்தரின் காதருகே போய்த் தனக்குத் தெரிந்த வேடிக்கைக் கதைகளை எல்லாம் சொல்லிப் பார்த்தார். கல் கல்லாகவே இருந்தது.

"போதும், வாங்க" என்று வெற்றியோடு கும்பிட்டார் கோதண்டம். புத்தருக்கு முதுகு காட்டக்கூடாது என்பது அங்கே வழக்கம். கும்பிட்ட கையோடு பின்பக்கமாகவே நடந்தவர், தொப்பென்று சுனைக்குள் உட்கார்ந்தார்.

கலங்கிய நீரின் வெளிச்சம் கூரையில் ஏறி, புத்தரின் கன்னத்தில் இறங்கி, உதட்டோரம் குலுங்கியது. வேதாசலம் அதைப் பார்க்கவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டுகொண்டிருந்தார். குகை முழுக்கச் சிரிப்பு முட்டி மோதியது.

இடுப்பளவு தண்ணீரில், கூப்பிய கையைப் பிரிக்காமல் கோதண்டம் மெல்லச் சொன்னார்: "சிரிச்சார், சம்பந்தி. என்னைப் பாத்துத்தான் சிரிச்சார்."