பீர்க்கங்கொடி வீடு

"2061 மார்ச் 9. போன வாரம் ஒரு சிறு பிழை செய்துவிட்டேன்" என்று மாலை நேர எழுத்து வகுப்பில் நாட்குறிப்பு எழுதிய திலோத்தமா, 'சிறு' என்பதை அடித்தாள். வனத்துறைக்கு வரைபடம் தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை செய்யும் அவள், செயற்கைக்கோள் படத்தில் கழிமுகத்தோரம் தெரிந்த பச்சையை அலையாத்திக் காடு என்று குறித்திருந்தாள். அது மீன் விற்கும் செபஸ்தியம்மாளின் கூரைமேல் படர்ந்த பீர்க்கங்கொடி. காடென்று பதிவான இடத்தைப் பத்து நாளில் காலி செய்ய வேண்டும்.

நோட்டீஸ் கிடைத்ததும் செபஸ்தியம்மாள் அதிலிருந்த அலுவலக எண்ணுக்குக் கூப்பிட்டு, போனை எடுத்த திலோத்தமாவிடம் கத்தினாள்: "ஏ புள்ள, என் வீட்டுக்குள்ள நண்டா குடியிருக்கு? வந்து பாரு!"

திலோத்தமா உடனே அலுவலக மேலாளரிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"படம் அரசாங்கப் பதிவுல ஏறிடுச்சும்மா. இனி இடத்தைத்தான் அதுக்கேத்த மாதிரி மாத்தணும்" என்றார் அவர், கொட்டாவியோடு.

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. இப்போது வகுப்பில் நாட்குறிப்பின் கடைசி வரியை எழுதினாள்: "நாளை காலை ஆறு மணிக்கு நாற்பது அலையாத்தி நாற்றுகளோடு, அவற்றை நட, செபஸ்தியம்மாள் வீட்டுக்குப் போக வேண்டும்."