படுக்கைப் புண்

"இன்னும் கொஞ்சம் திரும்பும்மா" என்று மூச்சு வாங்கினாள் ஹட்சுவே. எழுபதைத் தாண்டியவள். குனிந்தால் இடுப்பு விண்ணென்று இழுத்தது.

"மெதுவா, அம்மா! நான் என்ன அரிசி மூட்டையா?" என்றாள் படுக்கையில் கிடந்த ஷியோரி. கார் விபத்துக்குப் பிறகு அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை.

"மூட்டையா இருந்தா வாயாவது பேசாம இருக்கும்."

படுக்கைப் புண் ஆராய்ச்சிக் குழுவிலிருந்து வந்திருந்த நர்ஸ் குராமோச்சி, சிரித்துக்கொண்டே கட்டைப் பிரித்தார். உள்ளே எலும்பு தெரிந்த புண் அது. இந்த முறையும் மூடாவிட்டால் ஷியோரியை ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும்.

குனிந்து பார்த்தார். இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் மூடியிருந்தது.

"ஆறிடுச்சு!"

ஹட்சுவே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ஷியோரி தலையணையில் முகம் புதைத்து அழுதாள்.

"இதே மருந்து, இதே மெத்தைதான் எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம். இவ்வளவு ஆழமான புண் வேற எங்கேயும் மூடலை" என்றார் நர்ஸ். "ராத்திரியும் தூங்காம திருப்பிப் போட்டிருக்கீங்க. பெத்த தாயாலதான் இது முடியும்."

ஹட்சுவே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இவளை நான் பெறலைம்மா. நான் பெத்தவன், இவ இனி நடக்க மாட்டான்னு தெரிஞ்சதும் விவாகரத்து வாங்கிக்கிட்டு ஓசாகா போயிட்டான். என்னையும் வரச் சொன்னான். 'இவளை யாருடா திருப்பிப் போடுவா?'ன்னு கேட்டேன். இங்கேயே இருந்துட்டேன்."